அம்மாவுக்கு எட்டாத ஜீப்பு

மூட்டுக்குத் தைலம் தேய்த்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இதைப் படிக்கிற என் வயதுக்காரர்களே, உங்களிடம்தான் இதைச் சொல்ல முடியும். இளையவர்களிடம் சொன்னால், "இதுக்குப் போயா இம்புட்டு கோவம்?" என்பார்கள். போன மாதம் என் தம்பி மகன் அப்படித்தான் கேட்டான்.

அவன் ஒரு பழைய ஜீப்பு வாங்கியிருக்கிறான். நம் காலத்து வண்டி, நாலு சக்கரமும் இழுக்கிற வகை. வாங்கிய கையோடு திண்டுக்கல்லில் ஒரு பட்டறையில் விட்டு உயரம் ஏற்றிவிட்டான். இப்போதெல்லாம் அதற்கு வேண்டிய ஸ்பிரிங்கு, போல்ட்டு, சாமான் எல்லாம் ஒரே பெட்டியில் அடைத்துப் பார்சலில் வந்துவிடுகிறதாம். வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, "ஏறுங்க அத்தை, ஒரு ரவுண்டு போயிட்டு வருவோம்" என்றான். சீட்டு என் இடுப்புக்கு வெகு மேலே இருந்தது. நான் தயங்குவதைப் பார்த்துவிட்டு, "செத்த இருங்க, நான் தூக்கி விடுறேன்" என்று இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்தான்.

நான் போட்ட சத்தத்தில் எதிர் வீட்டுக்காரர்கள் வெளியே வந்துவிட்டார்கள். பிள்ளை முகம் சுண்டிப்போயிற்று. பாவம், நல்ல மனதோடுதான் வந்தான். அவனுக்குக் காரணம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவனுடைய தாத்தாவைப் பற்றி, அதாவது என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கும். அதற்கு எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது.

எங்கள் வீட்டிலும் ஒரு ஜீப்பு இருந்தது. அப்பாவுக்குத் திண்டுக்கல்லில் வெங்காய மண்டி. மிலிட்டரிக்காரர்கள் கழித்துக் கட்டிய வண்டியை ஏலத்தில் எடுத்து, பச்சைக்கு மேல் நீலப் பெயின்ட் அடித்திருந்தார். எங்கே கீறல் விழுந்தாலும் உள்ளே பச்சை தெரியும். காலையில் அது அம்மாவின் வண்டி, பகலில் மூட்டை வண்டி. எத்தனை பெருக்கினாலும் சீட்டுக்கு அடியில் வெங்காயச் சருகு கிடக்கும். வண்டி வேகமெடுத்தால் அது எழும்பிப் பறந்து எங்கள் தலையில் ஒட்டும். அந்தச் சருகும் பெட்ரோலும் சேர்ந்த வாசனைதான் என் சிறு வயதின் காலைநேர வாசனை.

அம்மா செம்பட்டி தாண்டி ஆத்தூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். காலையில் அப்பாதான் ஜீப்பில் கொண்டுபோய் விடுவார். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் அவளுக்கு இடது கால் சூம்பிவிட்டது. அந்தக் காலுக்கு மட்டும் உயரம் வைத்துத் தைத்த செருப்பு. சேலையை அந்தப் பக்கம் தரை தொடத் தழையவிட்டுத்தான் கட்டுவாள். பெற்ற மகள், நானே அந்தக் காலை ஒழுங்காகப் பார்த்ததில்லை. குளிக்கும்போது தாழ் போட்டுக்கொள்வாள். தூங்கும்போதுகூடப் போர்வை அந்தக் கால் மேல் இருக்கும்.

ஜீப்பில் அவள் ஏறுவதற்கு ஒரு முறை வைத்திருந்தாள். வண்டிக்கு முதுகைக் காட்டி நிற்பாள். சீட்டின் விளிம்பு சரியாக அவள் இடுப்புக்குக் கீழே இருக்கும். அப்படியே பின்னால் சாய்ந்து உட்கார்ந்து, இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்பிக்கொள்வாள். கை எதையும் பிடிக்க வேண்டாம். ஒரு கையில் பரீட்சைப் பேப்பர் கட்டும் இன்னொரு கையில் சாப்பாட்டுப் பையும் இருந்தாலும் ஏறிவிடுவாள். இறங்குவதும் அதே மாதிரிதான். யாரும் உதவிக்கு வரக் கூடாது. வந்தால், "நான் பாத்துக்கிறேன்" என்பாள். அந்தக் குரலுக்குப் பிறகு யாரும் பக்கத்தில் போக மாட்டார்கள்.

அதற்குக் காரணம் உண்டு. தாவணி போடுகிற வயது வரைக்கும் அவளைக் கோவிலுக்கும் கல்யாணத்துக்கும் அண்ணன்மார்தான் தூக்கிக்கொண்டு போவார்களாம். ஒருத்தர் இடுப்பிலிருந்து இன்னொருத்தர் இடுப்புக்கு மாற்றுவார்களாம். அவளிடம் யாரும் வருகிறாயா என்று கேட்டதில்லை. அப்போதே அவள் மாதாவிடம் ஒரு நேர்ச்சை செய்துகொண்டாள். படித்து, சொந்தக் காலில் நின்று சம்பாதித்தால், தன் ஊர்த் திருவிழாக் கொடியைத் தன் கையாலேயே வாங்கி, கைமாறாமல் கொண்டுபோய், கொடிமரத்தடிக்குத் தன் காலால் நடந்து போய்ச் சேர்ப்பது என்று. இது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அப்பாவுக்கும் தெரியும்.

அம்மாவின் ஊரில் ஒவ்வொரு வருடமும் ஒரு குடும்பம் கொடி உபயம் எடுக்கும். ஊர் எல்லையில் ரோட்டோரம் சிலுவை நட்டிருக்கிற குருசடியில் பங்குச் சாமியார் கொடியை மந்திரித்துக் கொடுப்பார். வாங்கியவர் அதை இரண்டு கையிலும் ஏந்தி எல்லாத் தெருவையும் சுற்றிக் கோவிலுக்குக் கொண்டுபோக வேண்டும். கீழே வைக்கக் கூடாது, கொடிமரம் போய்ச் சேரும் வரை கை மாறக் கூடாது. அது அந்த ஊர் வழக்கம். நான் சொல்கிற வருடம் எங்கள் முறை. அம்மா கணக்குப் போட்டு வைத்திருந்தாள். தெருவெல்லாம் ஜீப்பில் சுற்றிவருவது, கோவில் வாசலில் இறங்கிக் கொடிமரம் வரை நடப்பது. அந்த நடைக்காக மொட்டை மாடியில் தினமும் சாயங்காலம் நடந்து பழகினாள். கையில் கொடிக்குப் பதிலாக மடித்த துப்பட்டி.

இந்த நேரத்தில்தான் மாமாவின் ஜீப்பு குறுக்கே வந்தது. அம்மாவின் மூத்த அண்ணன் அவர். சிறுமலையில் எலுமிச்சைத் தோட்டம் வைத்திருந்தார். மலைப்பாதையில் கல்லுக்கும் குழிக்கும் தாங்க வேண்டுமென்று அவர் தன் ஜீப்பை உயரம் ஏற்றியிருந்தார். அவருக்கு அது அவசியம். ஒரு ஞானஸ்நான விருந்தில் இரண்டு ஜீப்பும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. எல்லாப் பிள்ளைகளும் மாமா வண்டியில்தான் ஏறிக் குதித்தோம், நான் உள்பட. மாமா எங்கள் ஜீப்பைப் பார்த்துவிட்டு, "என்ன மாப்ளே, உங்க வண்டி நிக்கவே மாட்டேங்குது, எப்பப் பாத்தாலும் உக்காந்தே இருக்கு" என்றார். பந்தியே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். ஆனால் வீடு வந்து சேர்ந்ததும் எங்கள் ஜீப்பைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

அடுத்த வாரம் அப்பாவும் நானும் பட்டறைக்குப் போனோம். எனக்குப் பள்ளிக்கூடம் லீவு. புகையிலைக் கிட்டங்கிகளுக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகை. உள்ளே போனால் கருகிய எண்ணெய் வாடையும் புகையிலை நெடியும் கலந்து தும்மல் வரும். பட்டறைக்காரர் ஜாக்கி போட்டு ஜீப்பைத் தூக்கி நாலு சக்கரத்தையும் கழற்றினார். அச்சுக்கு மேலே வில் மாதிரி வளைந்த இரும்புப் பட்டைகளை அடுக்கிக் கட்டியிருக்கும், அதுதான் ஸ்பிரிங்கு.

"எம்புட்டு ஒசரம் வேணும் மொதலாளி?" என்று கேட்டார்.

"மச்சான் வண்டியவிட ஒரு விரக்கடை கூட இருக்கணும்."

"மச்சான் வண்டி எம்புட்டு?"

அப்பா அதை அளந்தே வைத்திருந்தார். விருந்துக்குப் போன இடத்தில், எல்லாரும் கை கழுவிக்கொண்டிருந்தபோது, மாமா ஜீப்பின் பக்கத்தில் நின்று அது தன் சட்டையின் எத்தனையாவது பொத்தான் வரை வருகிறது என்று பார்த்திருக்கிறார். இப்போது அந்தப் பொத்தானைத் தொட்டுக் காட்டினார். பட்டறைக்காரர் சிரிக்கவில்லை. "செஞ்சிருவோம்" என்றார்.

பழைய பட்டைகளை உலையில் பழுக்கக் காய்ச்சி, சம்மட்டியால் அடித்து, இன்னும் வளைத்தார்கள். எண்ணெய்த் தொட்டியில் முக்கும்போது சீறிக்கொண்டு புகை கிளம்பியது. கூடுதலாகப் பட்டை சேர்த்து, நீளமான போல்ட்டுப் போட்டு இறுக்கினார்கள். பிரேக் குழாய் எட்டாமல் போய் வேறு மாற்றினார்கள். லாரி டயர் மாதிரிப் பெரிய டயர். சாயங்காலம் ஜாக்கியை இறக்கியபோது ஜீப்பு இறங்கவே இல்லை, அப்படியே நின்றது. அப்பா தள்ளி நின்று, கிட்டே வந்து, மறுபடி தள்ளி நின்று பார்த்தார். அவ்வளவு சந்தோஷமான அப்பாவை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. திரும்பி வரும்போது உட்கார்ந்த இடத்தில் உட்காரவிடாமல் வண்டி குலுக்கியது. ஹெட்லைட் ரோட்டைவிட்டு எதிர் வீட்டு மாடி ஜன்னல்களில் அடித்தது. ஒருத்தர் ஜன்னலைத் திறந்து எட்டிப்பார்த்தார். அப்பா அவருக்குக் கையைக் காட்டினார்.

தெரு ஆட்கள் எல்லாம் முன்பக்கம் கூடி டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "நல்லாத்தான் இருக்கு" என்றாள். பிறகு அந்தப் பக்கமாகச் சுற்றிப் போய், வழக்கம்போல வண்டிக்கு முதுகைக் காட்டி நின்றாள். சீட்டின் விளிம்பு அவள் முதுகின் நடுவில் முட்டியது. அப்படியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அப்போது அதில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

மறுநாள் காலை சமையலறை முக்காலி தெருவுக்கு வந்தது. அதில் ஏறி, இரண்டு கையாலும் கண்ணாடிச் சட்டத்துக் கம்பியைப் பிடித்துத் தொங்கி, நல்ல காலை உள்ளே ஊன்றி, மற்ற காலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நெற்றியில் வேர்த்துவிட்டது. முக்காலியில் ஒரு கயிற்றைக் கட்டி, உட்கார்ந்தபின் அதைத் தானே மேலே இழுத்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் இறங்குவதைப் பிள்ளைகள் பார்த்துவிடக் கூடாதென்று வீட்டிலிருந்து சீக்கிரமே கிளம்ப ஆரம்பித்தாள். ஒரே ஒரு தடவை அப்பாவிடம் கேட்டாள்.

"ஏங்க, அந்தப் பட்டறையில சொல்லி ஒரு படி வச்சுத் தரச் சொல்லுங்களேன்."

"படி வச்சா டவுன் பஸ்ஸு மாதிரில்ல இருக்கும் டீச்சர். திருவிழா முடியட்டும், பாப்போம்."

அப்பா அம்மாவைக் கொடுமைப்படுத்திய ஆள் இல்லை. அப்படி இருந்திருந்தால் இதை எழுதுவது எளிது. மழை நாளில் அவளுக்குச் சேறு படக் கூடாதென்று வண்டியை வாசல்படி வரை ஏற்றுவார். "எங்க டீச்சரம்மா" என்று மண்டியில் எல்லாரிடமும் பெருமையாகப் பேசுவார். அம்மாவுக்கு என்ன வேண்டும் என்பது தனக்கு அவளைவிட நன்றாகத் தெரியும் என்று நினைத்தார், அவ்வளவுதான்.

கொடியேற்றத்தன்று ஜீப்புக்கு வாழைக்குருத்தும் சம்பங்கி மாலையும் கட்டினார்கள். கிளம்பும்போது அம்மா முக்காலியில் ஏறி வண்டியில் உட்கார்ந்து கயிற்றை இழுக்கப் போனாள். அப்பா முக்காலியை எடுத்து வீட்டுக்குள் வைத்துவிட்டார். "ஊரே கூடி நிக்கும்போது முக்காலியத் தூக்கிக்கிட்டுப் போனா நல்லாவா இருக்கும்? நான் இருக்கேன்ல" என்றார். குருசடியில் வண்டியை ஒரு மண்மேட்டை ஒட்டி நிறுத்தியதால் அம்மா எப்படியோ இறங்கிவிட்டாள். பேண்டு செட்டு, வேட்டு, மாமா வீட்டு ஆட்கள், அவளுடைய பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாரும் வந்திருந்தார்கள். பிள்ளைகள் டீச்சர் கொடி பிடிப்பதைப் பார்க்க முன்வரிசையில் நின்றார்கள். சாமியார் கொடியை மந்திரித்து அம்மாவின் இரண்டு கையிலும் வைத்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். உதடு மட்டும் அசைந்தது.

அதற்குள் அப்பா ஜீப்பைத் திருப்பி நடு ரோட்டில் நிறுத்தியிருந்தார். அம்மா கொடியோடு வண்டி அருகில் வந்து நின்றாள். அப்போதுதான் எங்கள் எல்லாருக்கும் உறைத்தது. ஏற வேண்டுமானால் அவள் கம்பியைப் பிடிக்க வேண்டும். பிடிக்க அவளுக்குக் கை இல்லை. முக்காலி இருந்திருந்தாலும் பிரயோஜனம் இல்லை. உயரம், டயர், மாலை, வேட்டு என்று எல்லாவற்றையும் பேசிய வீட்டில், கொடி ஏந்திய கை கம்பியைப் பிடிக்க முடியாது என்பதை ஒருத்தர்கூட நினைக்கவில்லை. பழைய உயரம் இருந்திருந்தால் அவள் பாட்டுக்கு உட்கார்ந்து காலைத் திருப்பியிருப்பாள்.

"நான் நடந்தே வாரேன்" என்றாள் அம்மா. "நீங்க மெதுவா ஓட்டிட்டு வாங்க."

"இம்புட்டுத் தெருவும் உன்னால முடியுமா? பேசாம இரு."

"வேணாங்க. வேணாம்."

அதற்குள் பேண்டு வாசிக்க ஆரம்பித்துவிட்டது. அப்பா குனிந்து, ஒரு கையை அவள் முதுகிலும் ஒரு கையை முழங்காலுக்கு அடியிலும் கொடுத்து, அப்படியே தூக்கிவிட்டார். நான் பின் சீட்டில் நின்றுகொண்டிருந்தேன். மேலேயிருந்து எல்லாம் தெரிந்தது. அம்மா கொடியை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள். சேலையைப் பிடிக்க அவளுக்குக் கை இல்லை. ஜீப்பின் தகர விளிம்பில் சேலை மாட்டிக்கொண்டது. அப்பா அவளை உள்ளே தள்ளியபோது அது முழங்காலுக்கு மேல் ஏறிவிட்டது. அத்தனை வருடம் அவள் யாருக்கும் காட்டாத கால், என் மணிக்கட்டைவிடக் கொஞ்சம்தான் தடிமனான கால், அத்தனை பேர் முன்னால் வெளியே தொங்கியது.

கூட்டம் விசிலடித்தது. "மொதலாளி, கல்யாணத்தன்னைக்குக்கூட இப்புடித் தூக்கலையே" என்று ஒருத்தர் கத்தினார். அப்பா சிரித்துக்கொண்டே மாமாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஸ்டியரிங்கில் போய் உட்கார்ந்தார். பிள்ளைகள் மட்டும் சிரிக்கவில்லை. டீச்சரின் காலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அம்மா ஒரு கையில் கொடியை நெஞ்சோடு அணைத்து, மற்றொரு கையால் சேலையை இழுத்து முழங்காலில் அழுத்திக்கொண்டாள். தெரு தெருவாக ஊர்வலம் போனது. பூ எறிந்தார்கள். அவள் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. முழங்காலில் வைத்த கையை எடுக்கவும் இல்லை.

கோவில் வாசலில் வண்டி நின்றது. அப்பா சுற்றி வந்து மறுபடி இரண்டு கையையும் நீட்டினார். பிள்ளைகள் ஓடிவந்து அங்கேயும் முன்னால் நின்றுவிட்டார்கள். கொடிமரம் பார்க்கிற தூரத்தில் இருந்தது. மாடியில் அவள் நடந்து பழகிய தூரம்தான்.

"இறங்கு டீச்சர், சாமியார் காத்துக்கிட்டு இருக்காரு."

அம்மா பிள்ளைகளைப் பார்த்தாள். பிறகு கொடியை அப்பாவின் நீட்டிய கையில் வைத்தாள்.

"நீங்களே கொண்டு போங்க."

அத்தைமார் இரண்டு பேர் ஓடிவந்து, "வாங்க மதினி, நாங்க பிடிச்சுக்கிறோம்" என்றார்கள். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். கொடி ஏறியது. வேட்டு வெடித்தது. எல்லாரும் மேலே பார்த்துக் கும்பிட்டார்கள். அம்மா வாசலில், மாலை கட்டிய ஜீப்பில், கொடிமரத்துக்கு முதுகைக் காட்டியபடி உட்கார்ந்திருந்தாள். நானும் இறங்கவில்லை. சீட்டில் கிடந்த வெங்காயச் சருகைப் பொறுக்கிப் பொறுக்கி வெளியே போட்டேன். அவமானம் என்ற சொல் எனக்கு அப்போது தெரியும், பாடத்தில் வந்திருந்தது. அது எப்படி இருக்கும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

இருட்டிய பிறகு, ஆள் குறைந்ததும், கோவில் பெஞ்சு ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி அதில் கால் வைத்துத் தானே இறங்கினாள். வீட்டுக்கு மாமா பிடித்துக் கொடுத்த வாடகைக் காரில் வந்தாள்.

"கொடிதான் நல்லபடியா ஏறிருச்சுல்ல, ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?" என்று அப்பா கேட்டார். உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார்.

"ஏறிருச்சுங்க" என்றாள் அம்மா. அதோடு சரி.

மறுநாளிலிருந்து அவள் பஸ்ஸில் போனாள். செம்பட்டியில் இறங்கி வேறு பஸ் மாற வேண்டும். டவுன் பஸ் படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறுவாள். அதற்கு அவளுக்குக் கை இருந்தது. அப்பா முதலில் கோபப்பட்டார். பிறகு சில நாள் வெறும் ஜீப்பை ஓட்டிக்கொண்டு அந்த பஸ்ஸுக்குப் பின்னாலேயே செம்பட்டி வரை போனதாக மண்டியில் சொல்லிச் சிரித்தார்கள். அடுத்த வருடம் ஈஸ்டருக்கு முந்தைய தவசு காலத்தில் ஜீப்பைப் பட்டறைக்குக் கொண்டுபோய், சேர்த்த பட்டையை எல்லாம் கழற்றிப் பழைய உயரத்துக்கே இறக்கிவிட்டார். "பெட்ரோல் ரொம்பக் குடிக்குது" என்று எங்களிடம் காரணம் சொன்னார். காலையில் அதைத் துடைத்து, சருகு ஒன்றுகூட இல்லாமல் பெருக்கி, வாசலில் நிறுத்துவார். அம்மா அதைத் தாண்டி பஸ் ஸ்டாண்டுக்கு நடப்பாள். கோபமாகக்கூட நடக்க மாட்டாள். "வாரேங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போவாள். ஜீப்பை விற்கும் வரை அவள் அதில் ஏறவில்லை. முக்காலி என்னவாயிற்று என்று தெரியவில்லை. சமையலறைக்கு அது திரும்ப வரவே இல்லை.

அவர்கள் இருவரும் அதற்குப் பிறகு எத்தனையோ வருடம் நன்றாகத்தான் வாழ்ந்தார்கள். சண்டை கிடையாது. அந்த நாளைப் பற்றிப் பேச்சும் கிடையாது. அப்பாவுக்குக் கடைசிவரை அது புரியாமலே போய்விட்டது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

வயதான காலத்தில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றுவிட்டது. மறுபடி ஒரு தடவை உடம்புக்கு முடியாமல் போய், ஆம்புலன்ஸ் வரவழைத்தோம். இரண்டு பையன்கள் ஸ்ட்ரெச்சரோடு உள்ளே வந்து, நேரே கட்டிலுக்குப் போய், அப்பாவின் தோளுக்கும் காலுக்கும் கை கொடுத்தார்கள்.

"செத்த இருங்கப்பா" என்றாள் அம்மா. அப்போது அவளும் கம்பு ஊன்றித்தான் நடந்தாள். "அவருட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுத் தூக்குங்க."

"அவருக்குப் பேச்சு இல்லைன்னு சொன்னாங்களேம்மா."

"காது கேக்கும். கேளுங்க."

பையன்களில் ஒருத்தன் தயங்கிவிட்டுக் குனிந்து, "ஐயா, தூக்கட்டுமா?" என்று கேட்டான். அப்பா அவனைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தார். அப்படி அவர் அவளைப் பார்த்து நான் கண்டதில்லை. அந்தப் பார்வையில்தான் எனக்குத் தெரிந்தது, அவருக்கு அது எப்போதோ புரிந்துவிட்டது என்று. புரிந்தும் சொல்ல வெட்கப்பட்டு இத்தனை வருடம் இருந்திருக்கிறார். கண்ணில் தண்ணீர் வழிய, மெல்லத் தலையை அசைத்தார்.

அம்மா கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, கட்டில் சட்டத்தைப் பிடித்துக் குனிந்தாள். விலகிக் கிடந்த அவர் வேட்டியை இழுத்து இரண்டு முழங்காலையும் மூடி, காலுக்கு அடியில் சொருகிவிட்டாள். அதற்குப் பிறகுதான் அவர்களைத் தூக்க விட்டாள்.